போலந்தில் இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி: உங்கள் எதிர்வீட்டுப் பிள்ளைகள் எங்கே?

ஓட்ராக்கரை | வ்ரோட்ஸ்வாஃப்

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறேன். இழை தொடங்குவது இதுதான் முதல் முறை.

நான் வ்ரோட்ஸ்வாஃபுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. மென்பொருள் வேலை. குடியிருப்பது லிஃப்ட் இல்லாத பழைய நான்கு மாடிக் கட்டடம். எதிர்வீட்டில் எழுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். முதல் ஒரு வருடம் எங்களுக்குள் 'ஜென் டோப்ரி', அதாவது வணக்கம், மட்டும்தான். படிக்கட்டில் பார்த்தால் நான் சொல்வேன், அவரும் சொல்வார், கதவு மூடிக்கொள்ளும். ஒரு நாள் அவருடைய உருளைக்கிழங்குப் பையை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக் கொடுத்தேன். மறுநாள் காலை என் கதவுப் பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே ஒரு ஜாடி வெள்ளரி ஊறுகாய். பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது.

பாட்டிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறார். மகள் 2005ல் அயர்லாந்து போனவர், கார்க் நகரத்தில் இருக்கிறார். கடைசி மகனுக்கு நார்வேயில் கட்டட வேலை. மூன்று அறை வீட்டில் ராத்திரி ஒரு அறையில்தான் விளக்கு எரியும்.

பாட்டியின் அப்பா அம்மாவுக்கும் இது சொந்த ஊர் இல்லை. 1945 வரை இது பிரெஸ்லாவ் என்ற ஜெர்மன் நகரம். போர் முடிந்து எல்லைக்கோட்டை நகர்த்தியபோது இங்கிருந்த ஜெர்மானியர்களை மேற்கே அனுப்பிவிட்டார்கள். கிழக்கே சோவியத் வசம் போன லுவூஃப் பக்கத்துப் போலந்துக்காரர்கள் ரயிலேறி இங்கே வந்தார்கள். அந்த ஊரை இப்போது உக்ரைனில் லிவீவ் என்கிறார்கள். வந்தவர்களோடு அங்கிருந்த ஓசொலினேயும் நூலகத்தின் ஒரு பகுதியும், ரட்ஸ்வாவித்செ போரை வரைந்த மாபெரும் ஓவியமும்கூட இங்கே வந்தன. எங்கள் கட்டடத்தின் பின்சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் ஜெர்மன் எழுத்து இன்னும் தெரிகிறது. "எங்கள் அம்மா பல வருடம் ஒரு பெட்டியைப் பிரிக்கவே இல்லை. இந்த வீட்டுக்காரர்கள் திரும்பி வந்துவிடுவார்கள், நாமும் ஊருக்குப் போய்விடலாம் என்று காத்திருந்தாள்" என்று பாட்டி சொன்னார்.

போன டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின விகிலியா இரவுக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். 2025லிருந்துதான் அன்றைக்கு அரசு விடுமுறை. மேஜைவிரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல். பீட்ரூட் சாறு, அதில் காளான் வைத்த குட்டிக் கொழுக்கட்டை, கெண்டை மீன், முட்டைக்கோஸ், கசகசா இனிப்பு என்று பன்னிரண்டு பதார்த்தங்கள். மேஜையில் மூன்று தட்டு. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கு எப்போதும் ஒரு தட்டு கூடுதலாக வைக்க வேண்டும் என்பது இவர்கள் வழக்கம் என்று படித்திருந்தேன். அந்தத் தட்டுதான் எனக்கு என்று நினைத்து அதன் முன்னால் உட்காரப் போனேன். பாட்டி கையைப் பிடித்து நிறுத்தினார். "அது இல்லை. உன்னை நான் கூப்பிட்டிருக்கிறேன். நீ எதிர்பாராத ஆள் இல்லை."

சாப்பாட்டுக்கு முன்னால் ஓப்வாதெக் என்ற மெல்லிய அப்பத்தை ஒருவருக்கொருவர் உடைத்துக் கொடுத்து வாழ்த்துச் சொல்வார்கள். என்னோடு உடைத்தார். அப்புறம் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியில் மகள் முகம் வந்தது. திரையில் தெரிந்த மகளின் அப்பத்துக்கு நேராகத் தன்னுடையதை நீட்டினார். மதுரையில் என் அம்மாவும் பொங்கலன்று இப்படித்தான் கைப்பேசியை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்பார். என்னால் சாப்பிட முடியவில்லை.

நாம் வேலைக்கு வருகிற நாடு என்றுதான் போலந்தை நினைத்து வந்தேன். இங்கே எந்த வீட்டைத் தட்டினாலும் வெளிநாடு போனவர் ஒருவர் இருக்கிறார். என் கேள்வி இதுதான். தாங்களே போய்ப் பட்டவர்கள் என்பதால் இவர்கள் நம்மைப் புரிந்துகொள்கிறார்களா? உங்கள் அனுபவம் என்ன?


மல்லிகை | கிராக்குஃப்

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் இங்கே ஒன்பது வருடமாக இருக்கிறேன்.

முதல் வருடம் 'இவர்கள் சிரிக்கவே மாட்டார்களா' என்று அழுதிருக்கிறேன். இவர்களுக்கு மரியாதையில்தான் பாசம் தொடங்குகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. நமக்கு 'நீங்கள்' மாதிரி இவர்களுக்குப் 'பான்', 'பானி'. அலுவலகத்தில் இளையவர்கள் முதல் நாளே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஆனால் மருந்துக் கடையில், பள்ளியில், பக்கத்து வீட்டில் பானிதான். ஒருமைக்கு மாறலாமா என்று வயதில் மூத்தவர்தான் கேட்க வேண்டும். என் பெண்ணின் தோழியுடைய அம்மா ஐந்து வருடம் கழித்து என்னைக் கேட்டார். கையைக் குலுக்கிப் பெயரை மறுபடி அறிமுகம் செய்துகொண்டோம், அன்றுதான் முதலில் சந்தித்த மாதிரி.

இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 1 அன்று இங்கே ரகோவித்ஸ்கி கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். இருட்டிய பிறகு ஆயிரக்கணக்கான கண்ணாடி விளக்குகள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து கல்லறையைத் துடைத்து, பூ வைத்து, விளக்கேற்றுவார்கள். வர முடியாதவர்கள் அக்கம்பக்கத்தில் யாரிடமாவது பணம் கொடுத்து ஏற்றச் சொல்வார்கள். போன வருடம் ஒரு சிநேகிதிக்காக அவளுடைய அப்பாவுக்கு நான் ஏற்றினேன். அவள் இப்போது பெல்ஜியத்தில் வீடு துடைக்கும் வேலையில் இருக்கிறாள். இங்கே இருந்தபோது நூலகத்தில் வேலை பார்த்தவள்.


முத்துநகர் | லிங்கன்ஷயர், இங்கிலாந்து

தம்பி கேட்ட கேள்விக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் போலந்துக்குப் போனதே இல்லை. ஆனால் பதினேழு வருடமாகப் போலந்துக்காரர்களோடுதான் வேலை பார்க்கிறேன். காய்கறி தரம் பிரித்துப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலை.

2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அன்றைக்கே வேலைக்குக் கதவு திறந்தவை பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும்தான். பக்கத்து வீடான ஜெர்மனி 2011 மே மாதம் வரை மூடியே வைத்திருந்தது. அந்தச் சமயத்தில் போலந்தில் வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு இருபது பேர். அதனால் கிளம்பி வந்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து, போலந்தில் பிறந்தவர்கள் 2001 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 58,000 பேர். 2011ல் 5,79,000. பத்தே வருடத்தில் ஆங்கிலத்துக்கு அடுத்து அதிகம் பேர் பேசும் முதன்மை மொழி போலிஷ் என்று ஆகிவிட்டது. வேல்ஸில் மட்டும் வெல்ஷ்.

எங்கள் வரிசையில் என் பக்கத்தில் நின்ற அம்மா ஊரில் வேதியியல் ஆசிரியை. லண்டன் விக்டோரியா நிலையத்துக்கு ஒரு நாளுக்கு மேல் பேருந்தில் உட்கார்ந்து வந்தவர். காரட்டில் அழுகல் பொறுக்குவார். ஓய்வு நேரத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு மகனுக்கு வீட்டுப்பாடம் சரிபார்த்துக் குறுஞ்செய்தி அனுப்புவார். மகன் ஊரில் பாட்டியிடம் வளர்ந்தான். இப்படிப் பெற்றோர் வெளிநாடு போய், தாத்தா பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளைகளை அங்கே 'யூரோ அநாதைகள்' என்று பத்திரிகைகள் எழுதின. அந்த வார்த்தையை அவர் முன்னால் யாரும் சொல்ல மாட்டோம். மூன்று வருடம் கழித்துப் பையனை அழைத்துவந்தார். சனிக்கிழமைதோறும் போலிஷ் பள்ளிக்கு அனுப்பினார். போருக்குப் பிறகு போலந்துக்குத் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கிவிட்ட பழைய படைவீரர்கள் தொடங்கி வைத்த வழக்கம் இந்தச் சனிக்கிழமைப் பள்ளிகள். நாம் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம் இல்லையா, அதேதான்.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பாஸ்டன் பகுதிதான் நாட்டிலேயே அதிகமாக, நூற்றுக்கு 75.6 பேர், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வாக்களித்தது. மறுநாள் காலை ஷிப்டில் யாரும் பேசவில்லை. அந்த அம்மா என்னிடம், "நேற்று வரை முட்டைக்கோஸ் வெட்ட நாங்கள் வேண்டும்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் இரண்டு வருடத்துக்குள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். அவர் போகவில்லை. மகன் லீட்ஸில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் நம்மைப் புரிந்துகொள்கிறார்களா என்று கேட்டீர்கள். இங்கே புரிந்துகொண்டார்கள். சம்பளச் சீட்டில் ஏஜென்சி எங்கே பிடித்தம் செய்கிறது என்று எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு போலந்துக்காரர்தான்.


இரவு ஷிப்டு | போலந்து

மன்னிக்கவும், ஊர் பெயர் சொல்ல விரும்பவில்லை. இந்த இழை அழகாகப் போகிறது, ஆனால் இன்னொரு பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும்.

நான் ஐடி இல்லை. ஐடிஐ படித்தவன். ஒரு ஏஜென்சி வழியாகக் கிடங்கு வேலைக்கு வந்தேன். எங்கள் ஷிப்டில் உக்ரைன், ஜார்ஜியா, கொலம்பியா, நேபாளம், பிலிப்பைன்ஸ், நாங்கள் மூன்று தமிழர்கள். பெட்டி ஸ்கேன் செய்து அடுக்க வேண்டும். வந்த முதல் வாரம் போலிஷில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது 'உமோவா ஸ்லெட்செனியே'. தொழிலாளர் சட்டத்துக்குள் வராத ஒப்பந்தம். சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு கிடையாது. குறைந்தபட்ச மணிக்கூலி உண்டு. நோய்க்காலக் காப்பீடு தானாக வராது, நாமே கேட்டுச் சேர வேண்டும். கேட்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதுகு பிடித்துப் பன்னிரண்டு நாள் படுத்திருந்தபோது இந்த ஊர்ப் பணத்தில் ஒரு ஸ்வோட்டிகூட வரவில்லை. படுக்கைக்கான வாடகையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் கார்த்தா போபித்து, அதாவது குடியிருப்பு அட்டை. விண்ணப்பித்துப் பதினான்கு மாதம் ஆனது. அதுவரை கடவுச்சீட்டில் ஒரு முத்திரை. அந்த முத்திரை இருந்தால் போலந்தில் சட்டப்படி இருக்கலாம். வெளியே போனால் புது விசா இல்லாமல் திரும்ப நுழைய முடியாது. அந்த நேரத்தில் அப்பா இறந்துவிட்டார். வாங்கிய கடன் அடையவில்லை, போனால் வேலை போய்விடும். காரியத்தைத் தம்பி செய்தான். நான் கிடங்குக் கழிப்பறையில் நின்று காணொளியில் பார்த்தேன்.

என் ஷிப்டு மேலாளர் ஹாலந்தில் தக்காளிப் பசுமைக்கூடத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். ஒரு கேரவனில் ஆறு பேர் தூங்கியதைப் பெருமையாகச் சொல்வார். "நாங்களும் பட்டோம், நீங்களும் படுங்கள்" என்பதுதான் அவர் பேச்சு. பட்டவனுக்கெல்லாம் இரக்கம் வந்துவிடாது, ஓட்ராக்கரை. சிலருக்கு அது மேலே ஏறுவதற்கான படி, அவ்வளவுதான்.


ஓட்ராக்கரை | வ்ரோட்ஸ்வாஃப்

அண்ணா, அப்பா விஷயம் படித்ததும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆழ்ந்த இரங்கல். நான் பார்த்தது ஒரு படிக்கட்டு மட்டும்தான், அதை வைத்து நாட்டையே சொல்லிவிட்டேன் என்று தோன்றுகிறது. இப்போது எப்படி இருக்கிறீர்கள்? அதே வேலையா?


இரவு ஷிப்டு | போலந்து

இப்போது பரவாயில்லை தம்பி. வேறு நிறுவனம், 'உமோவா ஓ ப்ராட்செ', முறையான வேலை ஒப்பந்தம். ஃபோர்க்லிஃப்ட் உரிமம் எடுத்துவிட்டேன்.

அதற்குக் காரணமும் ஒரு போலந்துக்காரர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய கிடங்கில் லாரி இறக்கும் இடத்தில் இருந்த வயதானவர். அப்பா இறந்த வாரம் நான் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்துக் கேட்டார். உடைந்த போலிஷில் சொன்னேன். அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். 1981ல் அவர் அப்பா சிகாகோவில் கூரை வேய்கிற வேலைக்குப் போயிருந்தார். டிசம்பர் 13 அன்று இங்கே ராணுவச் சட்டம் வந்தது. எல்லை மூடியது, தொலைபேசி நின்றது. அந்தக் காலத்தில் கடவுச்சீட்டைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதாம். பயணம் முடிந்ததும் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்பா திரும்பினால் மறுபடி வெளியே போக முடியாது, திரும்பாவிட்டால் குடும்பத்தைப் பார்க்க முடியாது. ஏழு வருடம் பணமும் பொட்டலமும்தான் வந்தன. "அவர் திரும்பி வந்தபோது என்னைப் பார்த்து நீ யார் வீட்டுப் பையன் என்று கேட்டார்" என்றார். அடுத்த வாரம் அவரே தன் மச்சான் வேலை பார்த்த இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார்.

ஒரே கிடங்கில் இரண்டு பேர். இருவர் வீட்டிலும் வெளிநாடு போன கதை உண்டு. அதனால் உங்கள் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில் இல்லை.


சாலைவழி | ஒப்போலே

நான் வசிக்கும் ஒப்போலே பகுதியைப் பற்றிக் கொஞ்சம். இங்கே 2004க்கு வெகு முன்னாலேயே ஆட்கள் போகத் தொடங்கிவிட்டார்கள். போருக்கு முன்பு இது ஜெர்மன் பகுதி. வெளியேறாமல் தங்கிய சைலீசியக் குடும்பங்களின் வாரிசுகளுக்கு ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்தது. அதை வைத்துத் தொண்ணூறுகளிலேயே ஜெர்மனிக்கும் ஹாலந்துக்கும் வேலைக்குப் போனார்கள். சுற்றுக் கிராமங்களில் சைக்கிளில் போனால் நல்ல நல்ல வீடுகள், வெட்டிய புல், இறக்கிவிட்ட ஜன்னல் மறைப்பு. ஆள் இல்லை. காரைக்குடி பக்கம் பூட்டிய வீடுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே மௌனம் இங்கேயும் இருக்கிறது.

பருவ வேலைக்கு ஜெர்மனி போவதை 'நா சாக்சி' போவது என்பார்கள். சாக்சனிக்குப் போவது என்று அர்த்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீட்ரூட் வயலுக்குப் போன காலத்துச் சொல், இப்போதும் வழக்கில் இருக்கிறது. வசந்தத்தில் ஆஸ்பராகஸ் தண்டு அறுக்க, கோடையில் ஸ்ட்ராபெரி பறிக்க.

எனக்கு ரொம்ப வலித்த விஷயம் வேறு. எங்கள் தெருவில் ஐம்பது வயதுப் பெண்கள் மூன்று பேர் ஜெர்மனியில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார்கள். இரண்டு மாதம் அங்கே, இரண்டு மாதம் இங்கே. அங்கே போனால் அந்த வீட்டிலேயே தங்க வேண்டும், ராத்திரி கூப்பிட்டாலும் எழ வேண்டும். அவர்களில் ஒருவருடைய சொந்த அம்மாவை இங்கே பார்த்துக்கொள்வது ஓர் உக்ரைன் பெண். அந்த உக்ரைன் பெண்ணின் அம்மா தெர்னோப்பில் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். அந்த அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.


பொன்னி | டப்ளின்

போனவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். திரும்பினவர்களைப் பற்றி நான் எழுதுகிறேன்.

அயர்லாந்தில் 2011 கணக்கெடுப்பில் போலந்துக் குடிமக்கள் 1,22,585 பேர். 2022ல் 93,680. ஐரிஷ் குடியுரிமை எடுத்தவர்களும் இந்தக் குறைவில் உண்டு, திரும்பிப் போனவர்களும் உண்டு. என் நெருங்கிய தோழி பதினான்கு வருடம் இங்கே இருந்துவிட்டு ஜெஷூஃபுக்குத் திரும்பினாள். கணக்குப் போட்டுத்தான் போனாள். டப்ளின் வாடகை ஒரு பக்கம். அந்தப் பக்கம் போலந்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 800 ஸ்வோட்டி உதவித்தொகை. வெளிநாட்டிலிருந்து திரும்பி வருபவர்களுக்கு 2022லிருந்து ஒரு வரிச்சலுகையும் உண்டு, நான்கு வருடத்துக்கு ஆண்டு வருமானத்தில் 85,528 ஸ்வோட்டி வரை வருமான வரி இல்லை. வேலையும் கிடைத்துவிட்டது.

கணக்கில் வராதது மகன். இங்கே பிறந்தவன், வீட்டில் போலிஷ் பேசுவான், எழுதத் தெரியாது. நான்காம் வகுப்பில் சேர்த்தார்கள். சொல்லெழுத்தில் தினமும் சிவப்பு மை. வகுப்பில் அவனை 'ஐரிஷ்காரன்' என்று கூப்பிட்டார்கள். இங்கே இருந்தபோது அவன் 'போலிஷ் பையன்'. "எங்கே போனாலும் நான் வேற ஊர்க்காரனா அம்மா" என்று கேட்டானாம். அவளுடைய அம்மாவுக்காகத்தான் முக்கியமாகத் திரும்பினாள். திரும்பிய எட்டாவது மாதம் அம்மா போய்விட்டார். அந்த எட்டு மாதமாவது கிடைத்ததே என்கிறாள். நான் எதுவும் சொல்லவில்லை. சென்னையில் என் அம்மாவுக்கு வயது 79.


மல்லிகை | கிராக்குஃப்

பொன்னி, உங்களோடு தனியாகப் பேச வேண்டும். தனிமடல் அனுப்புகிறேன்.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்யத் தோன்றுகிறது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரி 24க்குப் பிறகு வந்த வாரங்களில் நான் கிராக்குஃப் ரயில் நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ரொட்டி அடுக்கினேன். எல்லை ஊரான ப்ஷெமிஷ்லிலிருந்து ஒவ்வொரு ரயிலும் பிதுங்கி வரும், பெரும்பாலும் அம்மாக்களும் குழந்தைகளும். முகாம் போட்டுக் காத்திருக்க வைக்கவில்லை, சாதாரண ஜனங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் மேல்மாடியில் இரண்டு அறையில் ஏழு பேர் நான்கு மாதம் இருந்தார்கள். இப்போது அதே ஊரில் டிராமில் உக்ரைன் மொழி கேட்டால் முகம் சுளிக்கிறவர்களையும் பார்க்கிறேன். நம்மையும் சிலர் அப்படிப் பார்க்கிறார்கள், மறைப்பதற்கில்லை. என் கணவரிடம் டிராமில் ஒருவர் கத்தியிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் எழுந்துவந்து எங்கள் பக்கத்தில் நின்றாள். நாங்கள் இறங்கும் வரை நின்றாள்.


வெளிச்சம் | வார்சா

வார்சாவில் ஓகோத்தா பகுதியில் 'நல்ல மகாராஜா சதுக்கம்' என்று ஒன்று இருக்கிறது. நவாநகர் ஜாம்சாகிப் திக்விஜய்சிங்ஜியின் நினைவாக வைத்த பெயர். சோவியத் யூனியனுக்குள் நாடுகடத்தப்பட்டு, பெற்றோரை இழந்த நூற்றுக்கணக்கான போலந்துக் குழந்தைகளுக்கு 1942ல் ஜாம்நகர் பக்கம் பாலாச்சடியில் இடம் கொடுத்தவர். அதற்கடுத்த வருடத்திலிருந்து கோலாப்பூர் அருகே வலிவடேயில் ஏறக்குறைய 5,000 போலந்துக்காரர்கள் 1948 வரை வாழ்ந்தார்கள். பள்ளி, தேவாலயம், கடை எல்லாம் அங்கே இருந்தன. நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும் ஒரு டாக்ஸி ஓட்டுநர் இதைச் சொல்லித்தான் பேச ஆரம்பித்தார். பள்ளியில் எனக்கு யாரும் சொல்லாத விஷயம் அது.

வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றுத்தருகிறார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது. அங்கே படிக்கிற ஒரு பெண் என்னிடம் 'வாங்க, உட்காருங்க' என்றபோது எனக்கு வார்த்தையே வரவில்லை.


பின்னலாடை | திருப்பூர்

அண்ணன்மார்களே, அக்காமார்களே, நான் புதியவன். வூச் நகரத்தில் ஒரு துணி ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை வந்திருக்கிறது. இழையை முழுசாகப் படித்தேன். பயமாகவும் இருக்கிறது, வரவும் ஆசையாக இருக்கிறது. என்னென்ன பார்க்க வேண்டும்?


இரவு ஷிப்டு | போலந்து

தம்பி, ஒப்பந்தத்தின் தலைப்பை முதலில் படி. 'உமோவா ஓ ப்ராட்செ' என்று இருக்கிறதா பார். மொழிபெயர்ப்பு தராமல் எங்கேயும் கையெழுத்து வேண்டாம். 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 4,806 ஸ்வோட்டி. பிடித்தம் போகக் கையில் சுமார் 3,600 வரும். தங்குமிடத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கு. ஊரில் ஏஜெண்டுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று எனக்குத் தனிமடலில் சொல், நான் பார்த்துச் சொல்கிறேன். கடன் வாங்காதே, என்ன ஆனாலும்.


மல்லிகை | கிராக்குஃப்

முறையான ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 20 நாள் விடுப்பு. பத்து வருடப் பணிக்காலம் நிறைந்தால் 26 நாள். பட்டப்படிப்பை எட்டு வருடமாகக் கணக்கில் சேர்ப்பார்கள். எனக்குச் சென்னையில் வேலை பார்த்த காலத்தையும் சான்றிதழ் காட்டியதும் சேர்த்தார்கள். அதனால் பழைய நிறுவனத்தின் பணிச் சான்றுகளை மறக்காமல் கொண்டுவா, தம்பி. வந்ததும் பெசெல் எண் (இங்கத்து அடையாள எண்), வங்கிக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் பெரிய கடைகள் மூடியிருக்கும், அரிசியைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். போலிஷ் முதல் நாளிலிருந்தே படி. பத்து வார்த்தை தெரிந்தாலும் எதிரில் இருப்பவர் முகம் மாறும்.


சாலைவழி | ஒப்போலே

வூச் நல்ல ஊர்தான். திருப்பூர் மாதிரியே நூலால் வளர்ந்த ஊர். செங்கல் ஆலைகள் எல்லாம் இப்போது கடைவீதியாகவும் வீடுகளாகவும் மாறியிருக்கின்றன. தொண்ணூறுகளில் ஆலைகள் வரிசையாக மூடியபோது அங்கே வேலை இழந்த பெண்கள் நிறைய. உன் ஆலையில் அந்தத் தலைமுறை அம்மாக்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் பேசு. இயந்திரத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது இருக்காது.


ஓட்ராக்கரை | வ்ரோட்ஸ்வாஃப்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. பின்னலாடை, வந்ததும் எழுதுங்கள்.

எதிர்வீட்டுப் பாட்டி மே மாதம் கார்க் போகிறார். பேத்திக்கு முதல் நற்கருணை விழா. மகள் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இவர் போவது இதுதான் முதல் முறை. விமானமே ஏறியதில்லை. இத்தனை நாள் போகாததற்கு முழங்கால் வலி, பூச்செடி என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். செடிகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். போன வாரம் டிக்கெட் எடுத்துக் கொடுத்தோம். பெட்டிக்குள் நான்கு ஜாடி ஊறுகாய் வைத்திருக்கிறார். அதைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

நேற்று வீட்டுச் சாவியைக் கொடுத்தார். கூடவே கையால் எழுதிய ஒரு பட்டியல். எந்தச் செடிக்கு எந்தக் கிழமை தண்ணீர், தபால் பெட்டிச் சாவி எங்கே, பால்கனிக் கதவு எப்படி மூட வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. கடைசி வரியை மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறார். 'நியே ப்ஷெலேவாச்' என்று நினைக்கிறேன். என்ன அர்த்தம்?


மல்லிகை | கிராக்குஃப்

தண்ணீர் அதிகமாக ஊற்றாதே என்று அர்த்தம், தம்பி.